எலுமிச்சைத் துளிரில் வெள்ளிக் கோடு: எந்த அந்துப்பூச்சி, எந்தெந்தச் செடி?

மாடிப்பசுமை:
வணக்கம். தொட்டியில் இருக்கும் எலுமிச்சைக் கன்றில் புதுத் துளிர் வந்தாலே இலை முழுக்க வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து கோடு விழுகிறது, கோட்டின் நடுவில் மெல்லிய கறுப்பு இழை ஒன்று ஓடுகிறது, அப்புறம் இலை ஓரம் சுருண்டுகொள்கிறது. பக்கத்தில் நிற்கும் வில்வக் கன்றிலும் இதேதான். தக்காளி இலையிலும் வெள்ளைக் கோடு பார்த்தேன். தேடியதில் ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்ற குட்டி அந்துப்பூச்சியின் பெயர் கிடைத்தது. அதன் உணவுச் செடிப் பட்டியலில் எலுமிச்சை, ஆரஞ்சு, வில்வம் எல்லாம் இருக்கின்றன, சரி, ஆனால் மல்லிகை, புங்கம் என்றும் போட்டிருக்கிறார்கள். என்னிடம் மல்லிகையும் இருப்பதால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. எல்லாம் ஒரே பூச்சிதானா? மருந்து அடிக்க வேண்டுமா?

இலைக்குறிப்பு:
எலுமிச்சையில் இருப்பது சிட்ரெல்லாதான், நீங்கள் சொன்ன அடையாளங்கள் அத்தனையும் பொருந்துகின்றன. வில்வத்திலும் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தக்காளியில் இருப்பது நிச்சயமாக வேறு ஆள். மல்லிகை, புங்கம் விஷயத்தைத் தனியாகப் பேச வேண்டும்.

முதலில் அந்தக் கோட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். துளிர் இலை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும்போதே தாய் அந்து வந்து, பெரும்பாலும் நடுநரம்பை ஒட்டி, ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போய்விடும். முட்டைக்கு நிறமே இல்லை, லென்ஸ் இல்லாமல் கண்ணில் படாது. பொரிந்த புழு வெளியே தலைகாட்டாமல், முட்டைக்கு அடியிலேயே இலைக்குள் இறங்கிவிடும். அதற்குக் கால் கிடையாது, உடம்பு தட்டை, தாடைகளும் தட்டையான தகடுகள். இலையை அது கடித்துத் தின்பதில்லை. மேல்தோலின் செல்களைக் கீறிக் கீறி உள்ளே இருக்கும் சாற்றைக் குடித்துக்கொண்டே முன்னால் நகர்கிறது. தோல் பிரிந்து அடியில் காற்று புகுந்துவிடுவதால்தான் அந்த வெள்ளி மினுக்கம், நத்தை ஊர்ந்துபோன தடம் போல. நடுவில் தெரியும் கறுப்பு இழை புழுவின் எச்சம்.

புழுவுக்கு நான்கு பருவங்கள். முதல் மூன்றில் சாறு குடிக்கும். நான்காவதில் சாப்பாடே கிடையாது, பட்டு நூற்பது மட்டும்தான் வேலை. இலையின் ஓரத்துக்கு வந்து பட்டிழையால் ஓரத்தை இழுத்து மடித்து, அந்த மடிப்புக்குள் கூட்டுப்புழுவாகிறது. உங்கள் இலை ஓரம் சுருள்வதற்குக் காரணம் இதுதான். கூட்டுப்புழுவின் தலையில் ஒரு கூர் இருக்கும், அதனால் மடிப்பைக் குத்திக் கிழித்துப் பாதி உடம்பை வெளியே நீட்டும், பிறகு அந்து பிரிந்து பறந்துவிடும், காலித் தோல் அங்கேயே துருத்திக்கொண்டு நிற்கும். முட்டையிலிருந்து அந்து ஆவதற்கு வெப்பத்தைப் பொறுத்து 13 நாள் முதல் 52 நாள் வரை ஆகலாம்.

அந்துவைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். சிறகை முழுக்க விரித்தாலும் 4 மில்லிமீட்டர்தான். முன்சிறகு வெள்ளி வெள்ளை, அதில் மங்கிய பழுப்புக் கோடுகள், நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடிப்பசுமை:
இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி அண்ணா. தக்காளியில் இருப்பது வேறு என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? எனக்கு இரண்டு கோடும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

இலைக்குறிப்பு:
இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். எலுமிச்சைக் கோட்டில் தோல் மட்டும் தனியாகப் பிரிந்திருக்கும், அடியில் பச்சை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், எச்சம் நடுவில் ஒரே இழையாக ஓடும். தக்காளியில் மெல்லிய கோடாக இருந்தால் அது பெரும்பாலும் லிரியோமைசா என்ற ஈயின் புழு. அது தோலுக்குக் கீழே இருக்கும் பச்சைச் சதையைச் சுரண்டித் தின்னும், ஆகவே கோடு ஒளி ஊடுருவ வெளுத்துத் தெரியும், எச்சமும் துண்டு துண்டாக, ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் கிடக்கும். உள்ளே புழுவை லென்ஸில் பார்த்தால் தனியாகத் தலை என்று ஒன்று தெரியாது, கொக்கி மாதிரிக் கறுப்பு வாய் மட்டும் தெரியும்.

கோடாக இல்லாமல் அகலமான திட்டாக இருந்தால் டூட்டா அப்சொலூட்டாவா என்று பார்க்க வேண்டும். அதுவும் அந்துப்பூச்சிதான், ஆனால் வேறு குடும்பம். தென் அமெரிக்காவிலிருந்து 2006இல் ஸ்பெயினுக்கு வந்து, 2014இல் இந்தியாவிலும் பதிவானது. அதன் புழு இலையை விட்டு வெளியே வந்து வேறு இலைக்குள் புகும், காயையும் குடையும். சிட்ரெல்லாவால் அது முடியாது. தாய் எந்த இலையில் முட்டை வைத்ததோ அந்த இலையோடு அதன் கதை முடிந்தது, இடம் மாற வழியே இல்லை. அதனால்தான் இந்தப் பூச்சிகளில் செடியின் பெயர் இவ்வளவு முக்கியமாகிறது.

வரப்போரம்:
மருந்துக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். காய்க்கிற மரமாக இருந்தால் ஒன்றுமே செய்யாதீர்கள். முற்றிய இலையை இந்தப் புழு தொடாது, பெரிய மரத்தில் மொத்த இலையில் துளிரின் பங்கு ரொம்பக் குறைவு, மகசூல் பெரிதாகக் குறையாது. கன்று, நாற்றங்கால், புதிதாக ஒட்டுக் கட்டிய செடி, இவற்றுக்குத்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் அவற்றில் இருப்பதே துளிர்தான்.

கோடு விழுந்த இலையைப் பறித்துப் போடும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அது வேண்டாம். மேலே சொன்ன மாதிரி பச்சை மிச்சம் இருக்கிறது, அந்த இலை இன்னும் செடிக்குச் சோறு போட்டுக்கொண்டுதான் இருக்கும். அடிக்கடி கத்தரிக்காதீர்கள், தழைச்சத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். இரண்டும் ஓயாமல் துளிர் தள்ள வைக்கும், துளிர் ஓயாமல் வந்தால் பூச்சிக்கு ஓயாமல் விருந்து. ஒரே வீச்சில் துளிர்த்து ஒரே வீச்சில் முற்றினால் அது தப்பித்துவிடும். அடியிலிருந்து கிளம்பும் நீர்ப்போத்துகளை மட்டும் அவ்வப்போது எடுத்துவிடுங்கள், அவற்றில்தான் பூச்சி பெருகும்.

மேலே பட்டால் கொல்லும் மருந்து அடித்துப் பிரயோஜனமே இல்லை. புழு தோலுக்குள் இருக்கிறது, அதன்மேல் மருந்து எப்படிப் படும்? இந்தப் புழுவை அழிக்கும், வெளியே திரியும் குளவிகள்தான் சாகும், அடுத்த துளிரில் பூச்சி இரண்டு மடங்காக வரும். கன்றைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்றால், தோட்டத்துக்கென்றே விற்கும் கனிம எண்ணெயை நீரில் கலந்து, துளிர் எட்டிப்பார்க்கும் நேரத்தில் மெல்லிய படலமாகத் தெளிக்கலாம். அந்து அந்த இலையில் முட்டை வைக்கத் தயங்கும். கடும் வெயிலில் அடித்தால் இலை கருகிவிடும், அதில் கவனம்.

சிறுதுளிர்:
வரப்போரம் சார் சொன்னதில் ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். எலுமிச்சை வகைகளுக்குப் பாக்டீரியாவால் வரும் சொறிநோய் இருக்கும் இடத்தில் "ஒன்றும் செய்யாதீர்கள்" என்பது சரிவராது. அந்தப் பாக்டீரியா மழைத்தூறலோடும் காற்றோடும் பரவுகிறது, முழுசான இலைத்தோலில் நுழைய இலைத்துளை தேடி அலைய வேண்டும், புழு போன பாதையில் தோலே பிரிந்து கிடப்பதால் நேராக உள்சதைக்குப் போய்விடுகிறது. பூச்சி நோயைச் சுமந்து வருவதில்லை, கதவைத் திறந்துவைக்கிறது. சொறிப் புள்ளிகள் கோடு போன வழியிலேயே வரிசையாக வந்திருந்தால் இரண்டும் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது பெரிய மரமாக இருந்தாலும் துளிரைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

வரப்போரம்:
சரிதான், ஒத்துக்கொள்கிறேன். சொறிநோய் உள்ள தோட்டத்துக்குக் கணக்கே வேறு.

கூட்டுப்புழு:
நான் மல்லிகை, புங்கம் பக்கம் வருகிறேன், என்னை ரொம்ப நாளாக உறுத்தும் விஷயம் இது. சிட்ரெல்லாவின் பழைய உணவுச் செடிப் பட்டியல்களில் எலுமிச்சைக் குடும்பத்துக்கு வெளியே மல்லிகை, புங்கம், மரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவி, வில்லோ மரம் என்று சம்பந்தமே இல்லாத செடிகள் வரிசையாக வருகின்றன. ஒரு பட்டியலிலிருந்து அடுத்த பட்டியலுக்கு அப்படியே போய்க்கொண்டே இருக்கின்றன. வில்லோவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்லோக்னிஸ்டிஸ் பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, அதில் வில்லோவுக்கென்றே ஃபில்லோக்னிஸ்டிஸ் சாலிக்னா என்று ஓர் இனம் இருக்கிறது. பாப்ளர் வகை மரங்களுக்கு பாபுலியெல்லா, யூனிபங்க்டெல்லா. திராட்சைக்கு விட்டெஜெனெல்லா, அது வட அமெரிக்காவிலிருந்து போய் 1990களில் இத்தாலியில் பிடிபட்டது. எல்லாமே வெள்ளி வெள்ளை, எல்லாமே சில மில்லிமீட்டர் சிறகு, எல்லாமே வளைந்த கோடு. வில்லோ இலையில் வளைந்த கோட்டைப் பார்த்து, தெரிந்த பெயரான சிட்ரெல்லாவை எழுதிவிடுவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வழியிலும் தவறு புகும். அந்து ஓர் இலையில் உட்கார்ந்திருந்தது என்பதற்காக அந்தச் செடியை எழுதிவிடுவார்கள். அது அங்கே ஓய்வெடுக்க உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். முட்டையே வைத்திருந்தாலும் புழு வளர்ந்து அந்துவாக வெளியே வந்ததா என்பதுதான் கேள்வி. வந்ததைப் பார்த்தவர் யார், அந்த அந்துவைச் சோதித்தது யார் என்று தெரியாத எந்தச் செடியையும் நான் உணவுச் செடி என்று ஏற்க மாட்டேன். எலுமிச்சை, ஆரஞ்சு, பம்ப்ளிமாஸ், கும்குவாட், வில்வம், வெள்ளைப் பூ பூக்கும் முர்ராயா பனிகுலாட்டா, இவையெல்லாம் ஒரே குடும்பம், இவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நுண்சிறகு:
கூட்டுப்புழு, நீங்கள் கொஞ்சம் கடுமையாகப் போகிறீர்கள் என்று படுகிறது. பூச்சி எப்போதும் புத்தகப்படி நடக்காது. ஐரோப்பாவின் குதிரைக் கஷ்கொட்டை மரத்தில் இருக்கும் கேமரேரியா ஓக்ரிடெல்லாவைப் பாருங்கள். 1980களில் மாசிடோனியாவின் ஓக்ரிட் ஏரிப் பக்கம் கவனத்துக்கு வந்து, 1986இல் பெயர் பெற்று, அடுத்த இருபது வருடத்துக்குள் ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குப் பரவியது, 2002இல் லண்டனிலும் வந்துவிட்டது. அதன் உணவுச் செடி கஷ்கொட்டைதான், ஆனால் பக்கத்தில் மேப்பிள் மரம் இருந்தால் அதிலும் முட்டை வைக்கிறது, சில வகை மேப்பிளில் புழு முழுசாக வளர்ந்து அந்துவும் வருகிறது. பட்டியலில் விசித்திரமாக ஒரு செடி இருந்தால் உடனே அடித்துவிட வேண்டியதில்லை.

கூட்டுப்புழு:
நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. முன்பு கஷ்கொட்டையும் மேப்பிளும் தனித்தனிக் குடும்பங்கள். டி.என்.ஏ. பார்த்துத் தாவரங்களை மறுபடி வகைப்படுத்தியபோது இரண்டையும் பூந்திக்கொட்டைக் குடும்பத்தில் ஒன்றாக வைத்துவிட்டார்கள். அந்து வழி தவறவில்லை, உறவுக்கார வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. இலையின் மணம், அதன் வேதிப்பொருள், தோலின் தன்மை, இவற்றை வைத்துத்தான் தாய் தேர்ந்தெடுக்கிறது, அவை குடும்பத்துக்குள் ஒத்துப்போகும். எலுமிச்சைக்கும் மல்லிகைக்கும் அப்படி எந்த நெருக்கமும் இல்லை. யாராவது மல்லிகையிலிருந்து சிட்ரெல்லாவை வளர்த்துக் காட்டினால் அன்றைக்கே ஏற்றுக்கொள்வேன், அது பெரிய கண்டுபிடிப்பும்கூட.

நுண்சிறகு:
அந்த வாதம் சரி. கஷ்கொட்டை அந்துவைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், இங்கே பொருந்தும். இந்தப் பூச்சி எங்கிருந்து வந்தது என்று வருடக்கணக்காகச் சண்டை. கடைசியில் 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், தாவரவியலாளர்கள் தாளில் அழுத்திச் சேமித்த பழைய கஷ்கொட்டை இலைகளைத் தேடிப் பார்த்தார்கள். 1879இல் கிரீஸில் சேகரித்த இலையில் புழு போன திட்டுகள் இருந்தன, உள்ளே நசுங்கிக் கிடந்த புழுவிலிருந்து டி.என்.ஏ.வும் கிடைத்தது. அதே பூச்சி. யாரும் கண்டுகொள்வதற்கு நூறு வருடம் முன்பே கிரீஸ் அடங்கிய பால்கன் பகுதியில் அது இருந்திருக்கிறது. இலையைச் சேர்த்தவருக்குப் பூச்சியில் அக்கறையே இருந்திருக்காது, ஆனாலும் இடமும் தேதியும் எழுதி வைத்திருந்தார்.

இதைவிடப் பழைய சாட்சியும் உண்டு. அமெரிக்காவில் டகோட்டா பாறை அடுக்குகளில் சுமார் 9.7 கோடி ஆண்டு பழமையான புதைபடிவ இலைகளில் இதே வகை வளைந்த பாதைகள் பதிந்திருக்கின்றன, ஃபில்லோக்னிஸ்டிஸ் சேர்ந்த கிளையின் பாதைகள் என்று அடையாளம் காணும் அளவுக்குத் தெளிவாக. பூக்கும் செடிகள் உலகில் பெருகத் தொடங்கிய காலம் அது. டைனோசர் அழிவையும் தாண்டி இந்த வாழ்க்கை முறை தொடர்ந்திருக்கிறது.

மாடிப்பசுமை:
படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருக்கிறது. சிட்ரெல்லா முதலில் எங்கே கண்டுபிடிக்கப்பட்டது? வெளிநாட்டிலிருந்து வந்ததா?

நுண்சிறகு:
இல்லை, இது ஆசியப் பூச்சி. 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் கல்கத்தாவில் கிடைத்ததை வைத்துப் பெயரிட்டார். எலுமிச்சை வகைகளும் ஆசியாவில் தோன்றியவைதான், ஆகவே செடியும் பூச்சியும் நெடுங்காலக் கூட்டாளிகள். வெளியே போனதுதான் அண்மைக் கதை. 1993 மே மாதம் ஃபுளோரிடாவின் தென்கோடியில் தெரிந்தது, அதே வருடம் ஸ்பெயினிலும், அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் மத்தியத் தரைக்கடலைச் சுற்றி ஏறக்குறைய எங்கும். கலிபோர்னியாவுக்கு 2000இல் போய்ச் சேர்ந்தது. செடி கப்பலில் முன்பே போய்விட்டது, பூச்சி பின்னால் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

புது இடத்துக்குப் போனபோது அதன் எதிரிகள் கூடப் போகவில்லை, அதனால்தான் அங்கே அவ்வளவு கலவரம். பிறகு ஏஜெனியாஸ்பிஸ் சிட்ரிகோலா என்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தாய்லாந்திலிருந்து ஆஸ்திரேலியா கொண்டுபோனது, அங்கிருந்து 1994இல் ஃபுளோரிடாவுக்குப் போய் நிலைத்துவிட்டது. அது சிட்ரெல்லாவின் முட்டையிலோ இளம் புழுவிலோ ஒரு முட்டை வைக்கும், அந்த ஒரு முட்டையே பிரிந்து பிரிந்து பல குளவிகளாகிவிடும். 2 மில்லிமீட்டர் சிறகுள்ள அந்துவின் புழுவுக்குள் அதைவிடச் சின்னக் குளவிகள் பல வளர்கின்றன என்பதை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது.

சிறுதுளிர்:
கூட்டாளி என்றதும் ஆப்பிள் இலை அந்து நினைவுக்கு வருகிறது. ஃபில்லோனோரிக்டர் பிளாங்கார்டெல்லா, சிட்ரெல்லாவின் குடும்பமேதான். இலையுதிர் காலத்தில் ஆப்பிள் இலை மஞ்சளாகி விழப்போகும் நேரம், புழு இருக்கும் திட்டு மட்டும் பச்சையாகவே நிற்கும். புழுவின் உடம்புக்குள் இருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாதான் அதற்குக் காரணம் என்று 2010இல் பிரான்ஸில் காட்டினார்கள். நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் பாக்டீரியாவை நீக்கியதும் பச்சைத் திட்டும் வரவில்லை. செடியின் சொந்த ஹார்மோன் வழியையே பிடித்து இலையை முதுமையாகாமல் நிறுத்துகிறது. உணவுச் செடி என்று நாம் ஒற்றை வரியில் எழுதுவதற்குப் பின்னால் இப்படி மூன்றாவது ஆள் ஒருவரும் இருக்கலாம்.

மாடிப்பசுமை:
சரி, நானே வளர்த்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. எப்படிச் செய்ய வேண்டும், கூட்டுப்புழு அக்கா?

கூட்டுப்புழு:
இதில் சிட்ரெல்லா ரொம்பச் சுலபம். கோடு மட்டும் உள்ள இலையைப் பறிக்காதீர்கள், இலை வாடிவிட்டால் சாறும் போய்விடும், புழுவும் செத்துவிடும். ஓரம் மடிந்த இலையாகத் தேர்ந்தெடுங்கள், அதற்குள் இருப்பதற்கு இனிச் சாப்பாடு தேவையில்லை. மடிப்பில் ஏற்கனவே காலித் தோல் துருத்தியிருந்தால் அதை விட்டுவிடுங்கள், ஆள் போய்விட்டது. ஓர் இலைக்கு ஒரு சின்ன டப்பா, கண்ணாடியோ தெளிவான பிளாஸ்டிக்கோ, உள்ளே ஒரு துண்டு டிஷ்யூ. லேசான ஈரம் போதும், நீர் முத்து கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். நேர் வெயிலில் வைக்காதீர்கள். எலுமிச்சையையும் வில்வத்தையும் ஒரே டப்பாவில் போட்டுவிடாதீர்கள், அப்படிச் செய்தால் அந்து வந்தாலும் எந்தச் செடி என்று சொல்ல முடியாமல் போகும். செடியின் பெயர், தேதி, இடம் மூன்றையும் பறித்தவுடனே டப்பாவில் எழுதிவிடுங்கள். அதே செடியிலிருந்து கோடு விழுந்த வேறொரு இலையைச் செய்தித்தாளில் அழுத்தி வையுங்கள். மல்லிகையில் கோடு ஏதும் தெரிந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

மாடிப்பசுமை:
முடிவு சொல்கிறேன். வில்வ இலை மடிப்பிலிருந்து அந்து வந்துவிட்டது! போன் கேமராவில் லென்ஸ் மாட்டிப் படம் எடுத்தேன், சிறகு நுனியில் கறுப்புப் புள்ளி தெளிவாகத் தெரிகிறது. எலுமிச்சை டப்பாவில் அந்து வரவில்லை, அதற்குப் பதில் மிகச் சின்னக் கறுப்புக் குளவிகள் சில இருந்தன, எல்லாம் ஒரே மடிப்பிலிருந்து. மல்லிகையை இலை இலையாகப் பார்த்துவிட்டேன், ஒரு கோடுகூட இல்லை, எலுமிச்சைக்குப் பக்கத்திலேயேதான் நிற்கிறது. எண்ணெய்கூட அடிக்கவில்லை, குளவி இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கூட்டுப்புழு:
மிக நல்ல பதிவு, வாழ்த்துகள். குளவிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த மடிப்பை ஊசியால் மெதுவாகத் திறந்து பாருங்கள். கூட்டுப்புழு அறைக்குள் காலித் தோல்கள் பல வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தால் ஏஜெனியாஸ்பிஸ் வகையாக இருக்கலாம். ஒற்றைத் தோல் தனியாகக் கிடந்தால் வெளியிலிருந்து புழுவைத் தின்னும் வேறு குளவியாக இருக்கலாம். படத்தை மட்டும் வைத்து இனம் சொல்ல முடியாது, ஆகவே சின்னக் குப்பியில் ஆல்கஹால் ஊற்றி அதில் போட்டு வையுங்கள், உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றும் போடுங்கள், பேனா மை கரைந்துவிடும்.

இலைக்குறிப்பு:
வில்வ அந்துவின் படத்தை ஏற்றும்போது முழு இலை, கோடு, மடிப்பு, வெளியே நிற்கும் காலித் தோல், செடியின் முழு உருவம், எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றுங்கள். அந்துவின் படத்தை மட்டும் போட்டால் செடியைச் சரிபார்க்க வழியில்லை. மல்லிகையில் எதுவும் இல்லை என்பதையும் தேதியோடு எழுதிவிடுங்கள், அதுவும் பதிவுதான்.